கேட்டுக்கு வெளியே அம்மா

தார்ப்பாய் போதாது, இன்னும் நாலைந்து வாங்கிப் போடுங்கள் என்று முகாம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே மன்றத்துக்குச் செக்ரட்டரியாக இருக்கிற தம்பியிடம் சொன்னேன். "வெயில் மண்டையப் பொளக்குது, இவருக்கு மழை வருதாம்!" என்று சிரித்துவிட்டுப் போனார். இளைஞர் மன்றத்தில் ஐம்பத்தெட்டு வயசுக்காரன் பேச்சை யார் மதிக்கிறார்கள்? நாலாம் நாள் மத்தியானம், சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகள் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடாரங்களுக்கு ஓடினார்கள். போர்வை, மெத்தை, தலையணை எல்லாம் தெப்பமாக நனைந்தன. அன்றைக்கு நனைந்ததில்தான் எங்கள் சமையல் மாஸ்டரின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் மன்றம் பதினோரு ஊருக்குப் பொதுவானது. பள்ளி விடுமுறையில் பத்து நாள் முகாம். ஏரிக்கரையில் மூடிக்கிடக்கும் பழைய விதைக் கிடங்கும் அதைச் சுற்றியிருக்கிற புல்வெளியும்தான் இடம், முன்னால் ஒரு இரும்பு கேட்டு. பத்து வயதிலிருந்து பதினாறு வரை நூற்று முப்பது பிள்ளைகள் வருவார்கள். நீச்சல், கூடாரம் கட்டுவது, முதலுதவி, நாடகம் என்று நாள் ஓடிவிடும். பத்தாம் நாள் குடும்ப நாள். அப்பா அம்மாவெல்லாம் வந்து பிள்ளைகளோடு விளையாடி, சாப்பிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்ற மாதங்களிலும் மன்றம் சும்மா இராது. சனிக்கிழமை பெற்றோர் வகுப்பு, மாதம் ஒரு குடும்ப சைக்கிள் பயணம், குளிர்காலத்தில் மூன்று நாள் சின்ன முகாம். இத்தனைக்கும் சாமான் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, ஒரு கரண்டி குறைந்தாலும் திட்டு வாங்குகிறவன் நான். என்னை ஸ்டோர் என்றுதான் கூப்பிடுவார்கள். சமைத்துப் போடுகிறவர் மாஸ்டர்.

மாஸ்டர் ஒரு பெண். முன்பு இருந்த சமையல் மாஸ்டருக்கு எடுபிடியாக வந்தவர். அந்த ஆள் ஒரு முகாமின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அன்றைக்குக் கரண்டியைக் கையில் எடுத்தவர்தான். பொம்பளையை மாஸ்டர் என்று கூப்பிடுவதா என்று முதலில் சிலர் சிரித்தார்கள். சாப்பிட்ட பிறகு அந்தப் பேச்சு இல்லை. கணவர் இறந்து பதினோரு வருஷம். ஒரே மகள். சின்ன வயசில் ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளுவாள் என்பதால் வாலு என்று நான்தான் பேர் வைத்தேன். இப்போது அவளுக்குப் பதினைந்து. துள்ளலெல்லாம் போய் எவ்வளவோ நாளாயிற்று, பேர் மட்டும் நின்றுவிட்டது.

வாலு முதல் முகாமுக்கு வந்தபோது பத்து வயசு. மூன்றாம் நாள் கோழி. ஒரு கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவார் மாஸ்டர், ஆளுக்கு இரண்டு. கழுத்துத் துண்டு கணக்கில் சேராது. வரிசையில் வாலு வந்தாள், தட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டு போனாள். பரிமாற உதவிக்கு வந்திருந்த தாய்மார்களில் ஒருத்தி, "சமையல்காரி பொண்ணுன்னா மூணு துண்டு விழும்போல" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மாஸ்டருக்குப் பாம்புக் காது. நான் எட்டிப் போய் அந்தத் தட்டைப் பார்த்தேன். சத்தியமாக இரண்டு துண்டுதான் இருந்தது. அதை நான் அங்கேயே உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர் பிள்ளையைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டி வந்தார். நான் அங்கே சிலிண்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு. அந்த கேட்டுக்கு வெளிய நான் உனக்கு அம்மா. கேட்டுக்கு உள்ள நான் மாஸ்டர். எல்லாப் புள்ளைங்களும் எப்படிக் கூப்பிடுதோ அப்படித்தான் நீயும் கூப்பிடணும். கிச்சன் பக்கம் வரக்கூடாது. எங்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது. நம்மளப் பாத்து ஒருத்தி வெரல் நீட்டக்கூடாது. புரியுதா?"

"தலை பின்னணும்னா?"

"உன் டென்ட்டு அக்காகிட்டக் கேளு."

"வயிறு வலிச்சா?"

"அதுக்குத்தான் நர்ஸ் இருக்காங்கல்ல."

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நிமிர்ந்து, "சரிங்க மாஸ்டர்" என்றது. நானும் மாஸ்டரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அப்படிச் சிரிப்பு வந்தது.

அடுத்த கோழி நாளில் வாலு தட்டை நீட்டியபோது மாஸ்டர் இரண்டு கழுத்துத் துண்டு எடுத்துப் போட்டார். அந்தத் தாய்மார்கள் பார்க்கும்படிதான் போட்டார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ரொட்டியில் கருகினது, சோற்றில் அடியில் ஒட்டினது, சூப்பில் கடைசிக் கரண்டி, எல்லாம் வாலுக்கு. ஒரு ஆளும் அப்புறம் வாய் திறக்கவில்லை. "மாஸ்டர் நேர்மைக்கு ஈடு இல்லப்பா" என்று செக்ரட்டரி தம்பி மேடையிலேயே சொன்னார். மாஸ்டருக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

கேட்டுக்கு வெளியே அம்மா என்றால் சரிதான். ஆனால் மாஸ்டர் கேட்டுக்கு வெளியே எப்போது இருந்தார்? சனிக்கிழமை பெற்றோர் வகுப்புக்கு அறுபது பேருக்கு டீயும் பன்னும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்துக்குப் பொட்டலம். வார நாளில் மன்றத்துச் சிறுவர் காப்பகத்துக்கு மத்தியானச் சாப்பாடு. ஒரு சனிக்கிழமை, டவுனிலிருந்து வந்த டாக்டரம்மா ஒருவர், "ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிஷம், பதினைஞ்சே நிமிஷம், உங்க புள்ளைங்களோட உக்காந்து பேசுங்க" என்று மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்கட்டில் மாஸ்டர் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். வாலு அந்த நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியாக முந்தின நாள் சூப்பைச் சூடு பண்ணிக் குடித்திருப்பாள். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. டம்ளர் அறுபது கொடுத்தேன், திரும்ப ஐம்பத்தெட்டுதான் வந்தது என்ற கவலைதான் எனக்கு.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் மழை விடவில்லை. கிடங்கின் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்து முதலுதவி அறை ஆக்கியிருந்தோம். காய்ந்த போர்வை நாலு வேண்டும் என்று நர்ஸ் ஆள் அனுப்ப, எடுத்துக்கொண்டு போனேன். வாலு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. நர்ஸ் அந்த வருஷம்தான் புதிதாக வந்த பெண், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது.

"நூத்தி மூணு இருக்கு. வீட்டுக்குச் சொல்லணும்மா. யாருக்குப் போன் பண்ண?" என்று கேட்டாள்.

வாலு ஒரு நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். "எங்க அத்தை" என்றாள்.

அவளுடைய அப்பாவின் தங்கை. நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் டெய்லர் கடை வைத்திருப்பவர். பிள்ளை குட்டி இல்லை. ஒவ்வொரு வருஷமும் குடும்ப நாளன்று வந்து வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நாடகத்துக்குக் கை தட்டிவிட்டுப் போகிறவர் அவர்தான். மாஸ்டர் அன்றைக்கு நானூறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வாயில் வந்துவிட்டது, இவள் அம்மா இங்கேதான் இருக்கிறார் என்று. வாலு என்னைப் பார்த்தாள்.

"ஸ்டோர் மாமா, மாஸ்டர்கிட்டச் சொல்லாதீங்க."

"ஏன் கண்ணு?"

"கிச்சன்ல தண்ணி பூந்துருச்சாம். நூத்தி முப்பது பேருக்குச் சமைக்கணும். பாவம்."

பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் தலையில் இடி விழ! ஆனால் அன்றைக்குக் கிச்சன் இருந்த நிலைமை அப்படி. கூரைத் தகரம் ஒழுகி ஒரு அடுப்பு எரியவில்லை. ரொட்டி வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. விறகுக் கட்டை அடுக்கி அதன் மேல் ஏறி நின்று மாஸ்டர் அரிசி களைந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் வரிசைக்கு வர முடியாததால் சாப்பாட்டை வாளியில் எடுத்துக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. என்னிடம் தார்ப்பாய் கேட்டார், கோணி கேட்டார், துடைப்பம் கேட்டார். ஒழுகின தகரத்துக்கு அடியில் கட்டிய தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைத் துடைப்பக் கட்டையால் குத்தித் தள்ளிக்கொண்டே சாயங்காலம் ஒரு தடவை கேட்டார்:

"ஸ்டோரு, வாலு டென்ட்டு நனைஞ்சுதா?"

கேட்டாரே! கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"எல்லா டென்ட்டுக்கும் போர்வை மாத்திக் குடுத்தாச்சு மாஸ்டர்" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தாலாவது பொய் சொன்னோம் என்று அழலாம்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு மழை விட்டது. டெய்லர் அத்தை குடையை மடக்கிக்கொண்டு கிச்சன் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"அண்ணி, கொஞ்சம் வெந்நீர் வேணும்."

மாஸ்டர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "அட, நீ எங்கம்மா இங்க? குடும்ப நாளுக்கு இன்னும் நாலு நாள் கெடக்கே" என்றார்.

"வாலுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு அண்ணி. மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன்."

"எந்த வாலுக்கு?"

அப்படித்தான் கேட்டார். முகாமில் இருந்ததே ஒரு வாலுதான். மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பின் தீயைக் குறைத்தார். கையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும் மாஸ்டர். புள்ள சொல்ல வேணாம்னுச்சு..."

"நான் நேத்து உங்ககிட்டக் கேட்டேனே ஸ்டோரு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கிடங்கைப் பார்த்து நடந்தார், நானும் வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வாலு விழித்துத்தான் இருந்தாள். மாஸ்டர் அவள் நெற்றியில் கை வைத்தார். கழுத்தில் வைத்தார். திரும்ப நெற்றியில் வைத்தார்.

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"உள்ளதானே இருந்தோம்."

"உள்ளன்னா?"

"கேட்டுக்கு உள்ள."

"அடிப்பாவி! அது சோத்துக்குச் சொன்னதுடி! காய்ச்சலுக்கா சொன்னேன்?"

"வயிறு வலிச்சா நர்ஸ்கிட்டப் போன்னு சொன்னீங்க. அதான் போனேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. குரலில் கோபமே இல்லை. கணக்கு வாத்தியார் கேட்டால் விடை சொல்வதுபோலச் சொன்னாள். மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டார். பத்து நிமிஷம் இருக்கும். உதவிக்கு இருந்த பெண் வெளியிலிருந்து, "மாஸ்டர்! சோறு அடிப்புடிக்குது!" என்று கத்தினாள். மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்தார். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தது எனக்கே தெரிந்தது.

"போங்க. தீஞ்சுரும்" என்றாள் வாலு.

மாஸ்டர் போனார். நீங்கள் இருங்கள், நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு வேளை சோறு தீய்ந்தால் குடி முழுகிவிடாது. நூற்று முப்பது பிள்ளைகளும் ரொட்டி தின்றிருக்கும்.

மத்தியான வேலை முடிந்த பிறகு மாஸ்டரும் அத்தையும் கிச்சன் வாசலில் உட்கார்ந்து ராத்திரிக்கு உருளைக்கிழங்கு தோல் உரித்தார்கள். நானும் ஒரு கத்தியோடு உட்கார்ந்தேன். குற்றம் செய்தவனுக்கு வேலை செய்தால் கொஞ்சம் ஆறும். வெயில் எட்டிப் பார்த்தது. கொடியில் தொங்கிய நூறு போர்வையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது" என்று அத்தை ஆரம்பித்தார்.

"சொல்லு."

"வாலு எங்கூட வந்து இருக்கேங்கறா. பதினொண்ணாவது அங்கயே சேந்து படிக்கிறேங்கறா. இன்னிக்கு நேத்துப் பேச்சு இல்ல. போன வருஷமே கேட்டா. உங்கம்மாகிட்டக் கேளுன்னு நான்தான் சொன்னேன்."

மாஸ்டரின் கை நின்றது. "எங்கிட்டக் கேக்கலயே."

"கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க, அதான் கேக்கலன்னு சொன்னா."

"சரின்னுதான் சொல்லுவேனா? நானா? என் புள்ளைய எவ வீட்டுக்கோ அனுப்ப நான் சரின்னு சொல்லுவேனா? பெத்துப் போட்டுட்டுத் தாரை வாக்கறேன்னா நெனச்சீங்க ரெண்டு பேரும்?"

"எவ வீடோ இல்ல அண்ணி. எங்க அண்ணன் புள்ள."

"அப்ப அதுக்குத்தான் வருஷா வருஷம் வந்து பக்கத்துல உக்காந்தியா? மெல்ல மெல்லத் தூக்கிட்டுப் போக?"

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நான் தூக்கிட்டுப் போக வரல. அந்த நாற்காலி காலியாக் கெடந்துச்சு, உக்காந்தேன். நேத்துக் கூப்பிட்டாங்க, வந்தேன். வேற என்ன பண்ணினேன் நான்?"

"நான் யாருக்காக இந்த அடுப்புல வேகறேன்? சொல்லு. யாருக்காக?"

"அவளுக்காகத்தான். அது அவளுக்கும் தெரியும். உங்க மேல அவளுக்கு ஒரு குறையும் இல்ல. அவளுக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான், எங்கிட்டக் கேட்டா. எல்லாருக்கும் நல்ல துண்டு விழுது, எனக்கு மட்டும் ஏன் அத்தை எப்பவும் கழுத்துன்னு."

"ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னுதான்..."

"யாரும் சொல்லல அண்ணி."

மாஸ்டர் உரித்த கிழங்கையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கிழங்கை வாங்கித் தண்ணீரில் போட்டேன். "நான்தான் பாத்தேன் மாஸ்டர், அன்னிக்கு. மொத வருஷம். ரெண்டு துண்டுதான் இருந்துச்சு. அந்தப் பொம்பளைகிட்ட நான் சொல்லியிருக்கணும்" என்றேன். ஐந்து வருஷம் கழித்துச் சொன்னேன். மாஸ்டர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூன்று நாளும் மாஸ்டர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் கிண்ணத்தில் சூப் எடுத்துக்கொண்டு போவார். போய் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று தெரியாது. "சூடு போதுமா?" என்பார். "போதும்" என்பாள். "உப்பு?" என்பார். "சரியா இருக்கு" என்பாள். சமையல் பேச்சு தீர்ந்தால் அம்மாவும் மகளும் கூரையைப் பார்ப்பார்கள். கிளம்பும்போது, "தேங்க்ஸ் மாஸ்டர்" என்று வாய் தவறி வந்துவிடும், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள். மாஸ்டர் காதில் விழாதது மாதிரி வந்துவிடுவார்.

ஒன்பதாம் நாள் செக்ரட்டரி தம்பியைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும்தான் கிச்சன்ல இருப்பேன். அதுக்கு மேல நான் பெத்தவங்க வரிசைல உக்காரப் போறேன்" என்றார்.

"ஐயோ மாஸ்டர், நானூறு பேர் வராங்க! பரிமாறுறது யாரு?"

"ஸ்டோரு இருக்காரு."

தம்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆமா, நான் இருக்கேன்" என்றேன்.

குடும்ப நாள் வெயில் பளிச்சென்று இருந்தது. பதினோரு மணிக்கு மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, உடுப்பு மாற்றி, தலைவாரிக்கொண்டு போனார். நாற்காலி வரிசையில் வாலுக்கு ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் மாஸ்டர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், பிறகு நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். உட்கார விட்டார்களா? "மாஸ்டர், சாலட்டுக்கு உப்பு எங்க?", "மாஸ்டர், தண்ணி கேன் காலி" என்று ஆள் மாற்றி ஆள் போய் நின்றார்கள். "ஸ்டோரக் கேளு", "ஸ்டோரக் கேளு" என்று எல்லாரையும் என் தலையில் கட்டினார். நான் அந்த ஒரு நாளில் பட்டதைச் சொன்னால் இது வேறு கதையாகிவிடும்.

மூன்று மணிக்கு மூன்று கால் ஓட்டம். பெற்றவர் ஒரு காலையும் பிள்ளை ஒரு காலையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். வாலுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். மாஸ்டர் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு நின்றார். விசில் ஊதியதும் எடுத்த எடுப்பில் தப்புக் காலை வைத்தார்.

"அம்மா! இந்தக் கால் இல்லம்மா, அந்தக் கால்!" என்று வாலு கத்தினாள்.

நாலடி போவதற்குள் இரண்டு பேரும் புல்லில் குப்புற விழுந்தார்கள். எழுந்திருக்க முடியாமல் கட்டோடு கிடந்து சிரித்தார்கள். வாலு அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பரிமாறும் மேசையில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஐந்து மணிக்குக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மாஸ்டர் வாலுவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்டா குண்டாவெல்லாம் ஸ்டோரு பாத்துக்குவாரு. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

வாலு பையைத் தொட்டாள், வாங்கவில்லை. "அம்மா, நான் அத்தையோட போறேன்."

"லீவு முடியற வரைக்குமா?"

"இல்ல. அங்கயே சேரலாம்னு."

அத்தை இரண்டடி தள்ளிப்போய் நின்றார். நான் தட்டுகளை அடுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"இன்னிக்குத்தான் நல்லா இருந்தோமேடி" என்றார் மாஸ்டர். "விழுந்து எந்திரிச்சு, சிரிச்சு... நல்லாதானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நான் வேலைய விட்டுர்றேன். நாளைக்கே சொல்லிர்றேன். இன்னமே வீட்டுலயே இருக்கேன்."

"விடாதீங்கம்மா. உங்களுக்குப் புடிச்ச வேலை."

"அப்ப நான் போகாதன்னு சொன்னா?"

"சொன்னா போகல" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. ஐந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் கேட்ட பிள்ளை.

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். சொல்லுங்கள் மாஸ்டர் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கி, பட்டையைச் சரிசெய்து, வாலுவின் தோளில் மாட்டினார்.

பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அது வாய்விட்டு எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான் ஸ்டோரு. இதையும் இல்லன்னா நான் என்ன மனுஷி?" என்றார். ஏப்ரன் இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது. அதன் நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் ஏரிக்கரை ரோட்டில். நான்கு பேரும் நடந்தோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள், போனேன். சட்டைப்பையில் சாமான் எழுதுகிற சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தன, திரும்ப வராத கரண்டிகளைப் பற்றிய கவலை அன்றைக்கு இல்லை. நிறுத்தத்துக்கு வந்து நின்றதும் மாஸ்டர் அத்தைக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"படுக்கறதுக்கு முன்னாடி சூடா ஒரு டம்ளர் பால் குடு. சக்கரை ரெண்டு ஸ்பூன். இல்லன்னா தூங்க மாட்டா. தக்காளி சூப்புன்னா உசுர விடுவா, வாரத்துக்கு ரெண்டு நாள் வை. ரொட்டில ஓரத்த வெட்டிரு, திங்க மாட்டா."

அத்தை தலையாட்டவில்லை. வாலுவைப் பார்த்தார். வாலு தரையைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றார் மாஸ்டர்.

"நான் பால் குடிக்கறதில்லம்மா."

"எப்பலேர்ந்து?"

"ஏழாம் கிளாஸ்லேர்ந்து. குடிச்சா வயித்தப் பொரட்டும்."

"தக்காளி சூப்பு?"

"அது சின்னப் புள்ளைல."

"ரொட்டி ஓரம்..."

"ஓரம்தாம்மா எனக்குப் புடிக்கும்."

நூற்று முப்பது பிள்ளைகளில் எவனுக்கு வேர்க்கடலை ஆகாது, எவளுக்கு முட்டை ஆகாது, எந்தக் கூடாரத்தில் எந்தப் பொடியன் காரம் தொடமாட்டான் என்று ஒரு காகிதம் பார்க்காமல் ஒப்பிக்கிறவர் மாஸ்டர். அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திடீரென்று என் சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் பிடுங்கினார். முழங்காலை மடக்கி அதன் மேல் நோட்டை வைத்துக்கொண்டார்.

"சொல்லு. என்னென்ன புடிக்கும், என்னென்ன புடிக்காது, ஒண்ணு விடாமச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கறேன்."

"அத்தைக்குத் தெரியும்மா."

"அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லு."

வாலு முதலில் தயங்கினாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் குனிந்து நின்று சொன்னாள். உருளைக்கிழங்கை வேகவைத்து வெறும் உப்பும் மிளகும் போட்டால் பிடிக்கும். வெள்ளரிக்காயைத் தோலோடு தின்னப் பிடிக்கும். காலையில் எழுந்ததும் பசிக்காது, பத்து மணிக்கு மேல்தான் பசிக்கும். மாஸ்டர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சொல்லி எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத கை, எழுத்து பெரிது பெரிதாக வந்தது. ஆறிப்போன டீயைத்தான் குடிப்பேன் என்று அவள் சொல்லி, ஆறிப்போன டீயா, அதை யாராவது குடிப்பார்களா என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது வளைவில் பஸ் தெரிந்தது.

"இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்றார் மாஸ்டர்.

இறங்க ஆள் இல்லாததால் டிரைவர் வண்டியை முழுசாக நிறுத்தக்கூட இல்லை. அத்தை முதலில் ஏறினார். வாலு அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறினாள். ஜன்னலிலிருந்து தலையை நீட்டி ஏதோ கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் எங்களுக்கு விளங்கவில்லை.

மாஸ்டர் பென்சிலைக் காகிதத்தில் வைத்தபடியே பஸ் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். நாலு வரி. அவ்வளவுதான் எழுத முடிந்திருந்தது.